ஹரிக்கேனுக்கு எத்தனை குதிரை?

மாடல் விமானம் பறக்கவிடுகிற நம்மூர்க்காரர்களிடம் ஒரு வியாதி பரவியிருக்கிறது. எந்த விமானத்தைக் கட்டினாலும், "இதுக்கு இன்னும் ஒரு சைஸ் பெரிய எஞ்சின் போட்டுடுங்க சார்" என்கிறார்கள். பிளான் வரைந்தவர் 60 என்று எழுதியிருந்தால் 90 போடு. 90 என்று எழுதியிருந்தால் 120 போடு. "பவர் இருந்தா நல்லதுதானே, வேணாம்னா த்ராட்டிலைக் குறைச்சுக்கலாம்" என்று ஒரு சமாதானமும் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கிணற்றுக்கு அரை எச்.பி. மோட்டார் போதும் என்று மெக்கானிக் சொன்ன பிறகும் ஒன்றரை எச்.பி. வாங்கி மாட்டுகிறவர்கள் சொல்லும் நியாயமும் இதுதான். கரண்ட் பில் வரும்வரை அந்த நியாயம் நன்றாகவே ஓடும்.

போர்விமானத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கிக் கட்டுகிற மாடலுக்கு இந்த நியாயம் கொஞ்சமும் பொருந்தாது என்பது என் கட்சி. எஞ்சின் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புரொப்பல்லரை. இரண்டாவது எடை. மூன்றாவது எரிபொருள். குதிரைத்திறன் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி வாங்கிய எஞ்சின்கள்தான் மைதானத்து ஓரத்தில் பால்சாக் குச்சிகளோடு பொறுக்கி எடுக்கப்படுகின்றன.

இந்தப் பொழுதுபோக்கில் இல்லாத நண்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மாடல் எஞ்சின்களை கன அங்குலத்தில் அளப்பது பழைய வழக்கம். 60 என்றால் 0.60 கன அங்குலம், ஏறக்குறைய 10 சிசி. 91 என்றால் 15 சிசி. 120 என்றால் 20 சிசி. இவற்றில் டூ ஸ்ட்ரோக் உண்டு, ஃபோர் ஸ்ட்ரோக் உண்டு. ஸ்பார்க் பிளக் இல்லாமல், கம்பிச் சுருள் பழுத்துச் சிவந்து எரியவைக்கும் 'க்ளோ' எஞ்சின்கள் மெத்தனால் குடிப்பவை. பெட்ரோல் எஞ்சின் தனி ஜாதி. இப்போது பாட்டரி மோட்டாரும் வந்துவிட்டது.

பொதுவாகப் பேசினால் விவாதம் ஓயாது. ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம்: ஹாக்கர் ஹரிக்கேன். நம் வயதுக்காரர்களுக்கு அரிக்கேன் விளக்கு தெரியும், அதே பெயர்தான். சிட்னி காம் வடிவமைத்தது, 1935 நவம்பரில் முதலில் பறந்தது, 14,000-க்கும் மேல் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிப் போனவை ஹரிக்கேன்கள். குண்டு அடுத்து சென்னையில்தான் விழும் என்று அந்த மாதம் பட்டணமே மூட்டை கட்டிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டியதும் ஹரிக்கேன்தான். ஸ்பிட்ஃபயர் அளவுக்கு அழகில்லை என்பார்கள். ஆனால் தடித்த இறக்கை, அகலமான சக்கர இடைவெளி. மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிட அனுசரணையான போர்விமானம் குறைவு.

நிஜ ஹரிக்கேனின் இறக்கை வீச்சு 40 அடி. எட்டில் ஒரு பங்காகக் கட்டினால் 5 அடி, அதாவது 60 அங்குலம். காரின் பின் சீட்டில் இறக்கையைக் கழற்றி வைத்துக்கொண்டு போகலாம். கவனமாகக் கட்டினால் எடை 3 கிலோவுக்குள் நிற்கும். இனி இந்த மாடலை வைத்தே பேசுவோம்.

முதலில் அவர்கள் கட்சியையே எடுத்துக்கொள்கிறேன்: பவர். ஆரம்ப கால ஹரிக்கேனில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சின் சுமார் 1,030 குதிரைத்திறன் தந்தது. ஆளும் குண்டும் பெட்ரோலும் ஏற்றிய விமானத்தின் எடை சுமார் 3,000 கிலோ. ஆக, 3 கிலோவுக்கு ஒரு குதிரை. நம் மாடலின் எடையும் 3 கிலோ. அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் மாடலுக்கு வேண்டியது ஒரே ஒரு குதிரை! அந்த நிஜ விமானமோ மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் போவதற்காக அந்த விகிதத்தை வைத்திருந்தது. நம் மாடல் 80-இல் போனாலே போதும். 70 அளவுள்ள ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 1.1 குதிரைத்திறன் தரும். 91 என்றால் ஒன்றரைக்கு மேல். சின்ன விமானத்தில் காற்றின் இழுவை கொஞ்சம் அதிகமாகப் பாதிக்கும், புல்தரையில் ஓடி எழும்ப வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டாலும் 91-ஐத் தாண்டுவதற்குக் காரணமே இல்லை.

பாட்டரிக்காரர்கள் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பறக்க ஒரு பவுண்டு எடைக்கு 100 வாட் என்பது அவர்களுடைய கைக்கணக்கு. 3 கிலோ என்பது 6.6 பவுண்டு, 660 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். இரண்டு ஜோசியர்களும் ஒரே நாளைக் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது புரொப்பல்லர். என் வாதத்தின் மையம் இதுதான்.

நிஜ ஹரிக்கேனின் புரொப்பல்லர் ஏறக்குறைய 11 அடி விட்டம். மெர்லின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினாலும், இடையில் பல்சக்கரம் வைத்து புரொப்பல்லரை அதில் பாதிக்கும் குறைவாகத்தான் சுற்றவிட்டார்கள். பெரிய விசிறி, நிதானமான சுழற்சி. எட்டில் ஒரு பங்கு என்றால் மாடலுக்கு பதினாறரை அங்குலப் புரொப்பல்லர் வர வேண்டும். 60 அளவு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பொருந்துவது 11 அல்லது 12 அங்குலம். 12,000 சுற்றில் வீறிட்டுக்கொண்டு ஓடும். 91 ஃபோர் ஸ்ட்ரோக் 14 அங்குலத்தை 9,000 சுற்றில் சுற்றும். எது ஹரிக்கேன் மாதிரி இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பார்வைக்கு மட்டும் இல்லை. ஹரிக்கேனின் மூக்கு பருமனானது. 11 அங்குலப் புரொப்பல்லரின் நடுப்பகுதி தள்ளும் காற்று அந்த மூக்கிலேயே முட்டி வீணாகிறது. 14 அங்குலத்தின் நுனிகள் மூக்கைத் தாண்டி வெளியே நிற்பதால் அள்ளுகிற காற்று பின்னால் தடையில்லாமல் போகிறது. தவிர, அதே சக்தியை ஒரு பெரிய வட்டத்தில் செலவழித்தால் மெதுவான வேகத்தில் இழுவை கூடுதலாகக் கிடைக்கும். ஓடி எழும்பும்போது வேண்டியது அந்த இழுவைதான்.

நம் தலைமுறைக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆர்எக்ஸ் 100-ம் புல்லட்டும். ஆர்எக்ஸ் 100 சீறும், பறக்கும், பையன்கள் பின்னால் ஓடுவார்கள். ஆனால் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை அரிசி என்று ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவதற்கு புல்லட்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 60 டூ ஸ்ட்ரோக்கின் பெட்டியில் இரண்டு குதிரை என்று போட்டிருக்கும். அது 16,000 சுற்றில் அளந்தது. ஹரிக்கேனுக்கு மாட்டக்கூடிய எந்தப் புரொப்பல்லரோடும் அந்த எஞ்சின் 16,000 சுற்றை எட்டாது. எட்டாத சுற்றில் இருக்கிற குதிரைக்குக் காசு கொடுக்கிறோம்.

வேகத்தையும் பாருங்கள். புரொப்பல்லரில் இரண்டு எண் எழுதியிருக்கும்: முதலாவது விட்டம், இரண்டாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. 11-க்கு 7 புரொப்பல்லர் 12,000 சுற்றில் சுற்றினால் கணக்குப்படி மணிக்கு சுமார் 128 கிலோமீட்டர். 14-க்கு 6 புரொப்பல்லர் 9,000 சுற்றில் 82 கிலோமீட்டர். நிஜ ஹரிக்கேனின் வேகம் அதிகபட்சம் சுமார் 520. எட்டால் வகுத்தால் 65. நம் கண், ஒரு விமானம் ஒரு நொடியில் தன் நீளத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் போகிறது என்பதை வைத்துத்தான் அதன் வேகத்தை எடைபோடுகிறது. 128-இல் போகிற 60 அங்குல ஹரிக்கேன், நிஜத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிற ஜெட் மாதிரி தெரியும். ஆறு மாதம் உட்கார்ந்து, ரிவெட் ரிவெட்டாக ஒட்டி, வட்டச் சின்னத்தை அளந்து வரைந்துவிட்டு, கடைசியில் அதை ஒரு வண்டாக மாற்றிப் பறக்கவிடுவதில் என்ன சந்தோஷம்?

சத்தமும் அப்படியே. நிஜ ஹரிக்கேனின் மூன்று இதழ்கள் முழு வேகத்தில் நொடிக்கு 70 தடவைக்குச் சற்று மேல் காற்றை வெட்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். 9,000 சுற்றில் நொடிக்கு 75 தடவை. டூ ஸ்ட்ரோக் 12,000 சுற்றில் நொடிக்கு 200 தடவை. பன்னிரண்டு சிலிண்டர் மெர்லினின் முழக்கத்தை ஒற்றைச் சிலிண்டர் தந்துவிடாது. ஆனாலும் அந்த அடித்தொனி காதுக்குப் பக்கத்தில் வருகிறது. பக்கத்து வயல்காரரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்.

இரண்டாவது, எடை. ஹரிக்கேனின் மூக்கு குட்டை. எஞ்சின் கொஞ்சம் கனமாக இருந்தாலும் குற்றமில்லை. எப்படியும் ஈயத்தை அங்கே வைக்கத்தான் போகிறோம். அதனால் பெரிய எஞ்சின் போடலாம் என்று சிலர் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெரிய எஞ்சினுக்குத் தடித்த முன்பலகை வேண்டும், பெரிய டேங்க் வேண்டும், அதிர்வைத் தாங்க உடம்பு முழுக்க ஒட்டுப்பலகை வேண்டும், அந்த எடையைத் தாங்கச் சக்கரக் கால் கனமாக வேண்டும். எடை எடையைக் கூப்பிடும். 3 கிலோ விமானம் 4 கிலோ ஆகும். இறக்கைப் பரப்பு அதே 4 சதுர அடிதான். விமானம் தொங்காமல் நிற்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் 15 சதவீதம் ஏறிவிடும். சுமார் 40-இல் இறங்க வேண்டியது 46-இல் இறங்கும். ஆறு கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். வற்றிய ஏரித் தரையின் வெடிப்புகளில் மூக்குக் குத்துவதும் குத்தாமல் தப்புவதும் அந்த ஆறில் இருக்கிறது. உண்மையில் எடையைக் குறைக்க வேண்டிய இடம் வால். வாலில் ஒரு கிராம் கூடினால், குட்டை மூக்கில் அதை ஈடுகட்ட இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டும்.

இப்போது எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். பறப்பதில் என்னைவிடக் கைதேர்ந்த ஒரு இளைஞர் என்னிடம் சொன்னார்: "சார், லேண்டிங்ல ஏதாவது தப்பாப் போச்சுன்னா த்ராட்டிலை அடிச்சு மேல தூக்கிடலாம். பவர்தான் நமக்கு இன்ஷூரன்ஸ்."

"தம்பி, நீங்க ஓட்டுறது சாகச விமானம். அகலமான இறக்கை, காகிதம் மாதிரி எடை. மூக்கை வானத்துக்குக் காட்டித் தொங்கவிடலாம். அதுல நீங்க சொல்றது சரி. போர்விமானத்துல அதையே செஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

என்ன ஆகும்? இறங்க வரும்போது வேகம் குறைவு. சுக்கான்களுக்குப் பிடி குறைவு. அந்த நேரத்தில் பெரிய எஞ்சினுக்கு முழு த்ராட்டில் கொடுத்தால், புரொப்பல்லர் ஒரு பக்கம் சுற்ற, அதன் எதிர்விசை விமானத்தை மறுபக்கம் புரட்டும். இடது இறக்கை தொங்கும். தரையோ பத்தடி கீழே. இது மாடலுக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. போர்க்காலத்தில் நிஜ ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் விமானிகளுக்கும், இறங்கும்போது த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாதே என்று சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள். அந்த இன்ஷூரன்ஸ், வேண்டிய நேரத்தில் வீட்டையே கொளுத்திவிடும். எழும்பும்போதும் இதே கதைதான்: வால் சக்கர விமானம், பாதித் தூரம்கூட ஓடாமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பார்வையாளர்கள் நிற்கிற பக்கம் திரும்பும்.

பார்வையாளர்கள் என்றதும் இன்னொன்று. வேகம் 30 சதவீதம் கூடினால் மோதுகிற ஆற்றல் ஏறக்குறைய 70 சதவீதம் கூடும். 3 கிலோ பொருள் மணிக்கு 130-இல் ஒரு பையன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரைச் சுற்றி இருந்த வெற்று நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்ட காலத்தில், ஒரு விபத்து, ஒரு புகார், அவ்வளவுதான். மிச்சமிருக்கிற மைதானமும் போய்விடும். த்ராட்டிலைக் குறைத்துக்கொள்ளலாம் என்பவர்களை நான் கவனித்தே வருகிறேன். முதல் இரண்டு பறப்பில் குறைக்கிறார்கள். மூன்றாவதில் கூட்டம் கைதட்டினால் குறைப்பதில்லை.

மூன்றாவது, எரிபொருள். இதைப் பற்றி நம் ஆட்கள் பேசவே கூச்சப்படுகிறார்கள். க்ளோ எரிபொருளில் முக்கால் பங்குக்கு மேல் மெத்தனால். மிச்சம் எண்ணெயும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும். இந்த மெத்தனால்தான் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து ஆட்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர். பத்து மில்லி உள்ளே போனாலே கண் போகலாம். முப்பது மில்லியில் உயிர் போகலாம். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அப்படியிருக்க, "தெரிஞ்ச ஆள்கிட்ட அஞ்சு லிட்டர் கேன் சொல்லியிருக்கேன் சார்" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தக் கேன் பரணில், லேபிள் இல்லாமல், பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் எரிவது கண்ணுக்கே தெரியாது என்பது வேறு. எஞ்சினின் அளவு ஏற ஏற அந்தக் கேனும் பெரிதாகும். 91 ஃபோர் ஸ்ட்ரோக் பத்து நிமிடப் பறப்புக்கு 200 மில்லிக்குள் முடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் அதைவிட அதிகம் குடிக்கும். எரிபொருள் சட்டப்படி எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர் க்ளோ எஞ்சினை விலை கேட்கவே கூடாது என்பேன்.

பெட்ரோல் போடலாமே என்றால், போடலாம், விமானம் பெரிதாக இருந்தால். ஆறில் ஒரு பங்கு ஹரிக்கேன் 80 அங்குலம் வரும். அதற்கு 20 முதல் 30 சிசி வரை பெட்ரோல் எஞ்சின் பொருத்தம். பங்கில் வாங்கிவிடலாம், செலவும் குறைவு. ஆனால் அதிர்வு அதிகம், இக்னிஷனுக்குத் தனி பாட்டரி வேண்டும். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பறந்து முடிந்ததும் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் காலி செய்யாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பரும் சவ்வும் கெட்டுப்போகும். 60 அங்குல விமானத்துக்குள் 20 சிசி பெட்ரோல் எஞ்சினைத் திணிப்பது, மாருதி 800-க்குள் லாரி எஞ்சினைத் திணிப்பது போல.

பாட்டரியைப் பற்றிப் பழைய ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். என்சிசி ஏர் விங்கில் கம்பி பிடித்து டீசல் மாடல் சுற்றியவர்களுக்கு ஈதர் வாசனை இல்லாமல் விமானம் ஏது? அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் வரிசையை வைத்துப் பாருங்கள். மோட்டார் 14, 15 அங்குலப் புரொப்பல்லரை நிதானமாகச் சுற்றும். பாட்டரி அறுநூறு கிராம், அதை மூக்கில் வைத்தால் ஈயம் வேண்டாம். மூடியில் சைலன்ஸருக்கு ஓட்டை போட வேண்டாம். மெத்தனால் வேண்டாம். சத்தம் இல்லை என்பதுதான் குறை. எட்டு நிமிடத்தில் இறங்க வேண்டும் என்பது இன்னொன்று. சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. என்னைக் கேட்டால், உரிமத்தோடு எரிபொருள் கிடைக்கிறவருக்கு 70 அல்லது 91 ஃபோர் ஸ்ட்ரோக். கிடைக்காதவருக்கு 800 வாட் மோட்டார். 60 அங்குல ஹரிக்கேனுக்கு மூன்றாவது பதில் கிடையாது.

கட்டப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. எஞ்சினை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு மூக்கைக் கட்டத் தொடங்குங்கள். கட்டி முடித்த மூக்குக்கு எஞ்சின் தேடாதீர்கள். சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஹரிக்கேன் மூடிக்குள் அழகாக மறையும். அப்போது டேங்கின் நடுக்கோடு கார்ப்பரேட்டர் ஊசிக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்கட்டும், இல்லாவிட்டால் எரிபொருள் வழிந்து உள்ளே ரொம்பிவிடும். காற்று உள்ளே வரும் வழியைவிட வெளியே போகும் வழி இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். நம்மூர் வெயிலில் இதைக் கவனிக்காதவர்களின் எஞ்சின்தான் நடுவானில் நிற்கும். மூன்று இதழ்ப் புரொப்பல்லர் தரையில் நிற்கும்போது போட்டோவுக்கு. பறக்க இரண்டு இதழே நல்லது.

அடுத்த முறை யாராவது "ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க" என்றால், எத்தனை குதிரை என்று பேரம் பேசாதீர்கள். எத்தனை அங்குலப் புரொப்பல்லர், எத்தனை சுற்று, மொத்தம் எத்தனை கிலோ, எரிபொருள் எங்கிருந்து என்று நான்கு கேள்வி கேளுங்கள். நான்குக்கும் பதில் சொன்னால் அவர் சொல்கிற எஞ்சினையே வாங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பதில் வராவிட்டால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எஞ்சினைவிட மலிவு.